ஃபிரிட்ஜில் அடித்த கறண்டும் பின்னேரத்தில் சோர்ந்த ஃபானும்: கொக்குவில் வீடொன்றின் மின்கோளாறு ஆய்வு

கொக்குவிலில் ஒரு வீடு. ஓய்வுபெற்ற கணித ஆசிரியரும் அவருடைய மனைவியும் இருக்கிறார்கள், பிள்ளைகள் வெளிநாட்டில். பின்னேரங்களில் மண்டபத்தில் சாதாரண தரப் பிள்ளைகளுக்கு மாஸ்டர் ரியூசன் கொடுக்கிறார். அங்கிருந்து வந்த முறைப்பாடுகள் மூன்று. மண்டபத்துச் சீலிங் ஃபான் ரியூசன் நேரத்தில் மட்டும் சோர்ந்துபோகிறது. ஃபிரிட்ஜின் கைபிடியைத் தொட்டால் சில வேளைகளில் கறண்ட் அடிக்கிறது. அறையில் இருந்த ஸ்ராண்ட் ஃபான் ஒருநாள் நின்றுவிட்டது, பிறகு அசையவேயில்லை.

என்னைக் கூப்பிடுவதற்கு முன்பே நிறையச் செலவாகியிருந்தது. சீலிங் ஃபானுக்குக் கப்பாசிற்றர் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை மாற்றப்பட்டிருந்தது. ஃபிரிட்ஜுக்கு ஒரு ஸ்ரெபிலைசர் வாங்கி வைத்திருந்தார்கள். அதைப் பார்க்க வந்த ஒருவர் கைபிடியில் ரெஸ்ரரை வைத்தார், விளக்கு எரிந்தது, “பெட்டி பழசு, மாத்துங்கோ” என்று சொல்லிவிட்டுப் போனார். இன்னொருவர் ஃபிரிட்ஜ் பிளக்கைத் திறந்து எர்த் வயரைக் கழற்றிவிட்டார். அதோடு அடிப்பது நின்றது. மாஸ்டருக்கு அது சரியாகப் படவில்லை. “பச்சை வயர் பாதுகாப்புக்குத்தானே தம்பி? அதைக் கழட்டினா எப்பிடிப் பிழை தீரும்?” என்று கேட்டு, அதைத் திரும்பப் பூட்டச் செய்திருந்தார். பூட்டியதும் மறுபடி அடித்தது.

அந்தக் கேள்விக்குள்ளேயே பாதி விடை இருந்தது. எர்த் வயரைக் கழற்றினால் நிற்கிறது, பூட்டினால் வருகிறது. அப்படியென்றால் மின்சாரம் ஃபிரிட்ஜின் உள்ளேயிருந்து உடலுக்கு வரவில்லை. எர்த் வயர் வழியாக வெளியிலிருந்து வருகிறது.

வீடும் அதன் வயரிங்கும்

வீட்டின் முன்பகுதி எழுபதுகளில் கட்டியது. மண்டபமும் குசினியும் அதில் அடங்கும். மரச்சட்டத்தின் மேல் கிளிப் அடித்து ஓடும் சிவப்பு, கறுப்பு வயர்கள். 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் வலிகாமத்து வீடுகளெல்லாம் பூட்டிக் கிடந்தபோது இதுவும் கிடந்தது. அதற்கு முன்பே தொண்ணூறுகளின் தொடக்கத்திலிருந்து குடாநாட்டில் மின்சாரம் இல்லை. ஜாம் போத்தல் விளக்கில் படித்த, சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட காலம் அது. அந்த வருடங்கள் முழுக்கச் சுவரில் சும்மா கிடந்த அதே வயர்களுக்குத்தான் பிறகு கறண்ட் கொடுக்கப்பட்டது. யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளில் வேலை செய்கிறவர்கள் இதை மனதில் வைத்திருக்க வேண்டும். பார்வைக்கு நல்ல வயர் போலிருக்கும், வளைத்தால் உறை நொறுங்கும்.

பின்பகுதி பிள்ளைகள் அனுப்பிய காசில் பிறகு சேர்த்தது. சாப்பாட்டறை, இரண்டு படுக்கையறை, இணைந்த குளியலறை. இங்கே பி.வி.சி. குழாய்க்குள் புது நிற வயர்கள் ஓடுகின்றன: மண்ணிறம், நீலம், பச்சை-மஞ்சள். ஃபிரிட்ஜ் இந்தச் சாப்பாட்டறையில் இருக்கிறது. கிணற்று மோட்டருக்கான இணைப்பும் இந்தப் பகுதியிலிருந்துதான் போகிறது. இரண்டு பகுதிக்கும் முன் விறாந்தையில் ஒரே விநியோகப் பெட்டி.

பெட்டியில், கறண்ட் எங்காவது கசிந்தால் தானாகவே விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிட்ச் இருந்தது, 30 மில்லி அம்பியர் வகை. மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு மூடியைக் கழற்றினேன். ட்ரிப் சுவிட்சின் மேல் முனைகள் இரண்டிலிருந்தும் கீழ் முனைகளுக்கு ஒவ்வொரு துண்டு வயர் போட்டிருந்தது. பெட்டிக்கு வெளியே பார்த்தால் சுவிட்ச் நிமிர்ந்து நிற்கும். உள்ளே அது எதையும் காவல் காக்கவில்லை. இதுதான் அந்த வீட்டின் மிகப் பெரிய ஆபத்து, ஆனால் மூன்று முறைப்பாடுகளில் ஒன்றில்கூட இது இல்லை.

கேட்டபோது மாஸ்டர் சொன்னார்: “அது அடிக்கடி விழுந்தது தம்பி. ஒரு பெடியன் வந்து ஏதோ செய்துவிட்டவன். பிறகு விழேல்லை.”

அந்த இணைப்பை அப்போதே அகற்றிவிட்டு மெயினை ஏற்றினேன். ட்ரிப் சுவிட்ச் விழாமல் நின்றது. மோட்டரைப் போட்டதும் விழுந்தது. மோட்டர் சுவிட்சை இறக்கி, அதைப் போடவேண்டாம் என்று சொல்லிவிட்டு, மீதியை அடுத்த முறைக்கு வைத்துக்கொண்டேன். காரணம், ஃபிரிட்ஜ் எப்போது அடிக்கிறது, ஃபான் எப்போது சோர்கிறது என்பதைச் சரியாகத் தெரிந்துகொள்ளாமல் ஸ்குரூடிறைவரை எடுப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. “சில வேளைகளில்” என்று சொல்லப்படும் கோளாறுக்கு நேரம்தான் முதல் தடயம். கடந்த சில நாட்களில் நடந்ததை ஞாபகப்படுத்தி ஒரு கொப்பியில் எழுதச் சொன்னேன். ஃபானைப் பற்றி மட்டும் தொடர்ந்து குறிக்கச் சொன்னேன்.

கணித ஆசிரியர் அல்லவா, கோடு போட்டு நிரல் பிரித்து எழுதியிருந்தார். ஒரு நிரலில் நேரம், அடுத்ததில் என்ன நடந்தது, மூன்றாவதில் அப்போது வீட்டில் வேறு எவை ஓடின. ஃபிரிட்ஜ் அடித்த நேரங்கள் எல்லாம் விடியற்புறம் ஆறு, ஆறரை. பக்கத்து நிரலில் ஒவ்வொரு முறையும் “மோட்டர்” என்று இருந்தது. தாங்கிக்குத் தண்ணீர் ஏற்றும் நேரம் அது. மாஸ்டரின் மனைவி அதைப் பார்த்துவிட்டு, “ஓம், தண்ணி ஏத்திப்போட்டு வந்து பால் எடுக்கேக்கைதான் அடிக்கிறது” என்றார். ஃபானுக்கு எழுதிய நேரங்கள் வேறு: பின்னேரம் நாலரையிலிருந்து ஆறரை வரை. பக்கத்தில் “ரைஸ் குக்கர்”, “கேத்தில்”. ஆக, இரண்டும் ஒரே கோளாறில்லை என்பது கொப்பியிலேயே தெரிந்துவிட்டது.

ஃபிரிட்ஜில் அடித்தது எங்கிருந்து வந்தது

இலங்கையில் மின்சார சபை வீட்டுக்குத் தருவது இரண்டு வயர், மின்சாரம் வரும் லைவும் அது திரும்பிப்போகும் நியூற்றலும். எர்த் அவர்கள் தருவதில்லை. ஒவ்வொரு வீடும் தன் வளவுக்குள் ஒரு செப்புக் கம்பியை நிலத்தில் இறக்கி அதைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. அந்தக் கம்பியைச் சுற்றியிருக்கும் மண் எவ்வளவு நன்றாகக் கடத்துகிறதோ அவ்வளவுதான் அந்த வீட்டின் எர்த்.

யாழ்ப்பாணத்தில் இது எளிய காரியமில்லை. கொக்குவில், உரும்பிராய், சுன்னாகம் பக்கமெல்லாம் செம்மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல். கம்பி சில அடி இறங்கியதும் கல்லில் முட்டும். மேலே நிற்கும் செம்மண் மாரியில் நனைந்திருக்கும்போது நன்றாகவே கடத்தும். சோளகம் வீசிக் காய்ந்தபிறகு அதே மண்ணின் தடை பலமடங்கு ஏறிவிடும். நான் போனது ஆவணியில், நல்லூர்த் திருவிழா முடிந்த கையோடு. பல மாதங்களாக நல்ல மழை இல்லை. இந்த வீட்டின் எர்த் கம்பி முன்பக்கம், மீற்றருக்குக் கீழே, ஒரு சொட்டுத் தண்ணீரும் விழாத இடத்தில் இருந்தது.

இனி அளவீடு. ஃபிரிட்ஜ் உடலின் வோல்ற்றளவை அதே எர்த் வயரோடு ஒப்பிட்டு அளந்தால் சுழியம்தான் காட்டும், இரண்டும் இணைந்திருப்பதால். வெளியே சுதந்திரமான ஒரு நிலப்புள்ளி வேண்டும். கொல்லையில் தினமும் தண்ணீர் விடும் கறிவேப்பிலைக் கன்றின் அடியில் நீண்ட ஒரு கம்பியை இறக்கி, அதிலிருந்து ஒரு வயரை யன்னல் வழியாக உள்ளே கொண்டுவந்தேன். மீற்றரின் ஒரு முனை அதில், மறு முனை ஃபிரிட்ஜ் உடலில். காட்டியது ஒரு வோல்ற். சோதனைக்காக மட்டும், வீட்டில் யாரும் எதையும் தொடாதபடி இருத்திவிட்டு, மோட்டரைத் தனியாக ட்ரிப் சுவிட்ச் இல்லாத வழியில் சில விநாடி ஓடவிட்டேன். 64 வோல்ற்.

உடனே ஃபிரிட்ஜின் சுவர்ச் சுவிட்சை நிறுத்தி மறுபடி பார்த்தேன். ஃபிரிட்ஜுக்குள் மின்சாரமே போகவில்லை, உடலில் அதே 64 வோல்ற். குளியலறையில் ஹீற்றரின் உலோக உறையிலும் அதே அளவு. எர்த் வயரைச் சுற்றிக் கிளாம்ப் மீற்றரைப் போட்டபோது 0.16 அம்பியர் ஓடிக்கொண்டிருந்தது. 64ஐ 0.16ஆல் வகுத்தால் 400. அந்த வீட்டின் எர்த் தடை 400 ஓம்.

மாஸ்டர் பக்கத்தில் நின்று கணக்கைத் தானே ஒரு முறை போட்டுப் பார்த்துக்கொண்டார்.

நடந்தது இதுதான். மோட்டர் பக்கத்தில் எங்கோ லைவிலிருந்து எர்த் வயருக்குக் கசிவு. அந்தக் கசிவு மண்ணுக்குள் இறங்க வேண்டும், ஆனால் 400 ஓம் தடுக்கிறது. இறங்க முடியாத மின்னழுத்தம் எர்த் வயர் போகுமிடமெல்லாம் போய் நிற்கிறது. ஃபிரிட்ஜ் உடல், ஹீற்றர் உறை, மோட்டர் உடல் எல்லாம் ஒன்றாக உயர்கின்றன. மற்றவற்றை அந்த நேரத்தில் யாரும் தொடுவதில்லை. ஃபிரிட்ஜைத்தான் ஈரக்கையோடு வெறுங்காலில் நின்று தொடுகிறார்கள். குற்றம் அதன்மேல் விழுந்தது அதனால்தான். ரெஸ்ரர் விளக்கு எரிந்ததை வைத்து ஃபிரிட்ஜைப் பழிசொன்னவரைக்கூட நான் பெரிதாகக் குறை சொல்லமாட்டேன், அந்த விளக்கு மிகச் சிறிய மின்னோட்டத்துக்கே எரியும், எங்கிருந்து வருகிறது என்று அதற்குச் சொல்லத் தெரியாது. எர்த்தைக் கழற்றிவிட்டவர் செய்ததுதான் பொறுக்கமுடியாதது. நாளைக்கு ஃபிரிட்ஜின் கொம்பிறசரே கசியத் தொடங்கினால் உடல் முழு 230 வோல்ற்றில் நிற்கும், அதை வெளியே கொண்டுபோக எந்த வழியும் இராது.

மின்னோட்டம் அளவுக்கு மீறினால் விழும் சுவிட்சுதான் எம்.சி.பி. மோட்டருக்குரிய 16 அம்பியர் எம்.சி.பி. ஏன் விழவில்லை என்று கேட்பவர்கள் உண்டு. 0.16 அம்பியருக்கு அது ஏன் விழவேண்டும்? இன்னும் மோசமாக, லைவ் வயர் நேரடியாக எர்த்தில் முட்டினாலும் 230ஐ 400ஆல் வகுத்தால் வருவது 0.6 அம்பியர்கூட இல்லை. எம்.சி.பி. அதை ஒரு சின்ன மின்குமிழ் எரிவதாகவே எடுத்துக்கொள்ளும். வீட்டின் உலோகமெல்லாம் கிட்டத்தட்ட முழு வோல்ற்றளவில் நாட்கணக்காக நிற்கும். நம்மிடத்து வீடுகளில் எர்த் கசிவைப் பிடிக்கக்கூடியது ட்ரிப் சுவிட்ச் ஒன்றுதான். லைவில் போவதற்கும் நியூற்றலில் திரும்புவதற்கும் இடையே 30 மில்லி அம்பியர் வேறுபாடு வந்தாலே அது விழுந்துவிடும். இங்கே அதைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் கசிந்தது. அது விழுந்தபோதெல்லாம் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

கசிவின் இடத்தைப் பிடிப்பது பிறகு நேரமெடுக்கவில்லை. மோட்டர் இணைப்பை இரு பக்கமும் துண்டித்து, உறையின் தடையை அளக்கும் 500 வோல்ற் மெகரால் பார்த்தேன். மோட்டரும் கேபிளும் சேர்ந்து ஆயிரம் ஓம் அளவில் நின்றன. குறைந்தது பத்து இலட்சம் ஓமாவது, அதாவது ஒரு மெகா ஓமாவது, இருக்கவேண்டிய இடம் அது. மோட்டரின் முனைப்பெட்டியில் கேபிளைக் கழற்றித் தனித்தனியே அளந்தால், மோட்டர் 18 மெகா ஓம். மோட்டர் சுத்தம். கேபிள்தான் பழுது.

கேபிள் கிணற்றடியிலிருந்து வீட்டுக்கு மண்ணுக்குள் வந்தது. நடுவில் வாழை. குளிக்கிற தண்ணீர் வாய்க்காலால் வாழைக்குத்தானே போகும், எங்கள் வீடுகளில் அதுதான் வழக்கம். அந்த வாழைப் பாத்திக்குள் ஒரு சாண் ஆழத்தில் கேபிளின் ஒட்டு. இன்சுலேசன் ரேப் சுற்றி மண்ணால் மூடியிருந்தார்கள். தோண்டி எடுத்தபோது ரேப் பசையாகி வழுகியது. உள்ளே செம்பு பச்சைக் களிம்பு பிடித்திருந்தது. மண்ணிற வயருக்கும் பச்சை-மஞ்சள் வயருக்கும் நடுவே உறை கருகி, மெல்லிய கரிக்கோடு ஒன்று ஓடியிருந்தது. கரி கடத்தும். அந்தக் கோடுதான் விடியற்காலையில் ஃபிரிட்ஜ் கைபிடிக்கு வந்தது. காயவேண்டிய ஒட்டு ஈரத்தில் கிடந்தது, ஈரம் வேண்டிய எர்த் கம்பி காய்ந்து நின்றது.

ஃபான் பின்னேரத்தில் ஏன் சோர்ந்தது

சீலிங் ஃபானுக்குள் இரண்டு சுருள்கள். ஒன்று நேராக மெயினில், மற்றது ஒரு கப்பாசிற்றர் வழியாக. கப்பாசிற்றர் அந்த இரண்டாவது சுருளின் மின்னோட்டத்தை முன்தள்ளி நிறுத்துகிறது, அந்த வேறுபாட்டில்தான் சுழற்சி பிறக்கிறது. கப்பாசிற்றர் காலப்போக்கில் இளைக்கும். 2.5 மைக்ரோபராட் என்று எழுதியிருப்பது ஒன்றரைக்கு இறங்கினால் ஃபான் மெல்லச் சுற்றும், கையால் தட்டிவிட்டால்தான் புறப்படும். ஆகவே மெல்லச் சுற்றும் ஃபானுக்குக் கப்பாசிற்றரை முதலில் சந்தேகிப்பது பிழையில்லை. மாற்றிய பிறகும் அதே கோளாறு வந்தால் மறுபடி அதையே மாற்றுவதுதான் பிழை.

இந்த ஃபானில் கடைசியாகப் போடப்பட்டிருந்தது 3.15 மைக்ரோபராட். வேகம் கூடட்டும் என்று பெரிதாகப் போடுவது பலரின் பழக்கம். கொஞ்சம் கூடும்தான், ஆனால் இரண்டாவது சுருளுக்குள் கூடுதல் மின்னோட்டம் போய் மோட்டர் சூடாகும், இரைச்சலும் வரும். உற்பத்தியாளர் எழுதிய அளவைத்தான் போடவேண்டும், வோல்ற்றளவும் 400க்குக் குறையக்கூடாது.

மெயினை இறக்கி, ஃபானின் மேல் கிண்ணத்தைக் கழற்றி மூன்று வயரையும் அளந்தேன். 212, 258, 470 ஓம். பெரிய எண் மற்ற இரண்டின் கூட்டுத்தொகையாக இருந்தால் சுருள்கள் நலம். இங்கே சரியாக இருந்தது. கையால் சுற்றிவிட்டபோது கொஞ்சம் கரகரப்பு, பெயரிங் காய்ந்திருந்தது. அது பின்னேரத்தில் மட்டும் காயாது. றெகுலேற்றரை விலக்கிவிட்டு நேராக இணைத்துப் பார்த்தேன், வேறுபாடில்லை. பகல் பதினொரு மணிக்கு ஃபான் நன்றாகவே ஓடியது. முன்பு வந்தவர்கள் எல்லோரும் இதே நேரத்தில் வந்து, கப்பாசிற்றரை மாற்றி, ஓடுவதைப் பார்த்துவிட்டுத்தான் போயிருப்பார்கள்.

பின்னேரம் வரை இருந்தேன். ஃபானின் முனையில் வோல்ற்றளவு 220. மாஸ்டரின் மனைவியிடம் வழக்கம்போல் சமையலைத் தொடங்கச் சொன்னேன். ரைஸ் குக்கர் போட்டதும் 209. கேத்திலும் சேர்ந்ததும் மீற்றர் ஒரு எண்ணில் நிற்கவில்லை, 190க்கும் 200க்கும் இடையே துள்ளியது. பின்பகுதி அறையில் அதே நேரம் 217. மின்சார சபை தரவேண்டிய அளவு 230, ஆறு சதவீதம் ஏறலாம் இறங்கலாம், அதாவது 216க்குக் கீழே போகக்கூடாது. பின்பகுதியில் அந்த எல்லைக்குள்தான் இருந்தது. ஆகவே வெளி லைன் குற்றவாளி இல்லை. முன்பகுதியில் மட்டும் ஏதோ வோல்ற்றளவைத் தின்கிறது.

எந்த வயர் என்பதைக் கண்டுபிடிக்கக் கறிவேப்பிலை அடிக் கம்பி மறுபடி உதவியது. கேபிள் துண்டிக்கப்பட்டிருந்ததால் இப்போது கசிவு குழப்பாது. குக்கர் ஓடும்போது லைவுக்கும் நிலத்துக்கும் 218. நியூற்றலுக்கும் நிலத்துக்கும் 9. லைவ் நிற்கவேண்டிய இடத்தில் நிற்கிறது, நியூற்றல்தான் நிலத்திலிருந்து மேலெழுந்து நிற்கிறது. 218இலிருந்து 9 போனால் 209, ஃபானில் கண்ட அதே எண். நல்ல நியூற்றலில் அந்த அளவு ஒன்றிரண்டுக்கு மேல் போகாது.

ஃபான் மோட்டரின் முறுக்குவிசை வோல்ற்றளவின் வர்க்கத்தோடு போகும். 220இலிருந்து 195க்கு இறங்கினால் வோல்ற்றளவில் குறைவது ஒன்பதில் ஒரு பங்குதான், முறுக்குவிசையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். காய்ந்த பெயரிங்கும் சேர்ந்தால் முப்பது பிள்ளைகள் இருக்கும் மண்டபத்தில் அது நன்றாகவே தெரியும்.

மெயினை இறக்கி விநியோகப் பெட்டியை மறுபடி திறந்தேன். நியூற்றல் சட்டத்தில் ஒரே ஸ்குரூவின் கீழ் முன்பகுதியின் பழைய கறுப்பு வயரும் இன்னும் இரண்டு நீல வயரும் திணிக்கப்பட்டிருந்தன. நீல வயர்கள் தடித்தவை, ஸ்குரூ அவற்றில் ஊன்றி நின்றுவிட்டது. பழைய கறுப்பு வயர் அதற்குப் பக்கத்தில் சும்மா தொட்டுக்கொண்டிருந்தது. முனை மண்ணிறமாகி, உறை ஒரு விரற்கடை நீளத்துக்கு இறுகிக் கருகியிருந்தது. சட்டத்தைப் பிடித்திருந்த பிளாஸ்ரிக் அந்தப் பக்கம் இளகி வளைந்திருந்தது. குக்கர் மட்டும் ஓடும்போது சுமார் 3 அம்பியர் போகிறது. 9 வோல்ற்றோடு பெருக்கினால் அந்த முனையில் 25 வாற்றுக்கு மேல் வெப்பம். கையால் பிடித்து ஈயம் உருக்கும் சோல்டரிங் அயன் ஒன்று பெட்டிக்குள் எரிந்துகொண்டிருந்தது போலத்தான். கேத்திலும் சேர்ந்தால் நூறு வாற்றைத் தாண்டும்.

மாஸ்டரிடம் இந்த இடத்தைக் காட்டினேன். ஃபான் சோர்ந்ததைப் பற்றி அவர் பிறகு பேசவில்லை, “பெட்டி பத்தியிருக்குமோ தம்பி?” என்றுதான் கேட்டார். பற்றியிருக்கும். தளர்ந்த முனையில் மின்னோட்டம் அளவுக்கு மீறுவதில்லை, கசிவும் இல்லை. ஆகவே எம்.சி.பி.யும் விழாது, நல்ல ட்ரிப் சுவிட்ச் இருந்தாலும் விழாது. இதற்கு எச்சரிக்கை மங்கும் விளக்கும் சோரும் ஃபானும் கருகல் மணமும்தான்.

ஒன்று சொல்லவேண்டும். இங்கே தளர்ந்தது வீட்டுப் பெட்டிக்குள், மெயின் சுவிட்சுக்குப் பின்னால். அதனால் மெயினை இறக்கிவிட்டுக் கைவைக்க முடிந்தது. வீடு முழுக்க விளக்கு மங்கிப் பிரகாசித்தால், அல்லது அயல் வீடுகளிலும் அப்படி நடந்தால், தளர்வு மீற்றர் பக்கத்திலோ தூணிலோ இருக்கலாம். அது மின்சார சபையின் பொறுப்பு, 1987 என்ற இலக்கத்துக்கு அழைத்துச் சொல்லவேண்டும். தூணில் நியூற்றல் அறுந்தால் சில வீடுகளில் வோல்ற்றளவு 300க்கு மேல்கூட ஏறும். விளக்குகள் வழக்கத்துக்கு மீறிப் பளிச்சென்று எரிந்தால் காரணம் தேடிக்கொண்டு நிற்காமல் மெயினை இறக்குவதுதான் முதல் வேலை.

ஸ்ராண்ட் ஃபானுக்கும் இவற்றுக்கும் தொடர்பில்லை. நியூற்றல் கோளாறு பிடிபட்டதும் எல்லாவற்றையும் அதன் தலையில் கட்டத் தோன்றும், ஆனால் இது பின்பகுதி அறையில் ஓடிய ஃபான், வோல்ற்றளவு அங்கே ஒழுங்காக இருந்தது. கழற்றிப் பார்த்தால், தண்டைத் தாங்கும் பின்பக்க புஷ்ஷில் தலைமுடியும் தூசும் சுற்றி எண்ணெய் வற்றியிருந்தது. தண்டு இறுகி, மோட்டர் சூடாகி, சுருளுக்குள் வைத்திருக்கும் வெப்ப ஃபியூஸ் அறுந்துவிட்டது. அது தன் கடமையைச் செய்தது. அதை எடுத்துவிட்டு நேர் வயர் போட்டு ஓடவைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அடுத்த முறை தண்டு இறுகும்போது நிறுத்த ஆளிருக்காது, ஃபான் கட்டிலுக்குப் பக்கத்தில் எரியும். அதே வெப்பநிலை எழுதிய ஃபியூஸ், புது புஷ், இரண்டு சொட்டு மெல்லிய எண்ணெய். அவ்வளவுதான்.

செய்த வேலைகள்

நியூற்றல் சட்டத்தை முழுதாக மாற்றி, ஒரு ஸ்குரூவுக்கு ஒரு வயர் என்று பிரித்துப் பூட்டினேன். கருகிய பகுதியை நல்ல செம்பு வரும்வரை வெட்டினேன். அதே பின்னேரம் குக்கரும் கேத்திலும் சேர்ந்து ஓடும்போது ஃபானில் 214 நின்றது, நியூற்றலுக்கும் நிலத்துக்கும் 2. ஃபானுக்கு 2.5 மைக்ரோபராட்டும் புதுப் பெயரிங்கும் போட்டேன்.

மோட்டருக்கு ஒட்டில்லாத புது மூவயர்க் கேபிள், குழாய்க்குள், மதிலோரமாக நிலத்துக்கு மேலே. பழையதை மண்ணிலிருந்து முழுதாக எடுத்துவிட்டோம், பிறகு யாரும் மண்வெட்டியால் கொத்தி அது என்னவென்று குழம்பக்கூடாது.

எர்த்துக்குத்தான் அதிகம் யோசிக்கவேண்டியிருந்தது. ஒரு கம்பியை ஆழமாக இறக்கக் கல் விடாது. ஆகவே ஆழத்துக்குப் பதில் எண்ணிக்கை. வாழைப் பாத்தியின் ஓரமாக, எப்போதும் ஈரமிருக்கும் மண்ணில், நாலடிச் செப்புப்பூச்சுக் கம்பிகளை ஒன்றுக்கொன்று கம்பி நீளத்துக்கு மேல் இடைவெளி விட்டு இறக்கி, பச்சை-மஞ்சள் வயரால் இணைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நெருக்கமாக இறக்கினால் ஒரே மண்ணை இரண்டும் பங்குபோடும், பயன் குறையும். எர்த் மீற்றரில் 38 ஓம் வந்தது. உப்பும் கரியும் போட்டு மூடச் சொல்லிச் சிலர் ஆலோசனை தருவார்கள். உப்பு எர்த் தடையைக் குறைக்கும், உண்மை. கம்பியையும் அரிக்கும், முதல் மாரியில் சுண்ணாம்புக்கல் வெடிப்புகளால் இறங்கிக் கிணற்றுக்கும் போகும். குடிக்க நிலத்தடி நீரைத் தவிர வேறொன்றும் பெரிதாக இல்லாத ஊரில் கிணற்றடியில் நான் உப்புப் போடமாட்டேன்.

ட்ரிப் சுவிட்சைப் புதிதாக மாற்றினேன், வயர் போட்டு எவ்வளவு காலம் கிடந்ததோ தெரியாத ஒன்றில் உயிரை நம்பிவைக்கக்கூடாது. அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்தச் சொல்லியிருக்கிறேன். அழுத்தியதும் விழவேண்டும். விழாவிட்டால் அன்றைக்கே ஆளைக் கூப்பிடவேண்டும்.

மாஸ்டரின் மனைவிக்கு ஒரு கவலை இருந்தது: “மாரியிலை இது விழுந்து, நாங்கள் வீட்டிலை இல்லாட்டி ஃபிரிட்ஜிலை இருக்கிறதெல்லாம் பழுதாப்போமே?” நியாயமான கேள்வி. பலர் ட்ரிப் சுவிட்சை முடக்கிவைப்பதற்கு இந்தக் கவலையும் ஒரு காரணம். அதற்கு வழி முடக்குவதல்ல, பிரிப்பது. கிணற்று மோட்டரையும் வெளி விளக்குகளையும் மெயின் ட்ரிப் சுவிட்சின் கீழிருந்து எடுத்து, அவற்றுக்கென்று தனியாக ஆர்.சி.பி.ஓ. ஒன்று வைத்தேன். கசிவையும் மிகை மின்னோட்டத்தையும் அதுவே பிடிக்கும். வெளியே மழையில் எது நனைந்தாலும் அது மட்டும் விழும், ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டிருக்கும். பெட்டி மூடியின் உட்பக்கம் எந்தச் சுவிட்ச் எதற்கு என்று எழுதி ஒட்டியிருக்கிறது, எழுதியது மாஸ்டர்.

முன்பகுதியின் பழைய வயரிங் இன்னும் அப்படியே இருக்கிறது. மெகரில் அரை மெகா ஓம்தான் காட்டியது, இது ஆவணி வெயிலில் காய்ந்து கிடக்கும்போது. ஐப்பசி மழை சுவரில் இறங்கினால் இன்னும் குறையும், புது ட்ரிப் சுவிட்ச் விழத் தொடங்கும். கேத்திலையும் குக்கரையும் பின்பகுதிப் பிளக்குக்கு மாற்றியாயிற்று. மண்டபத்துக்கும் குசினிக்கும் புது வயர் இழுக்கும் வேலையை மழைக்கு முன் தொடங்குவதாகப் பேசியிருக்கிறோம்.